இரு, வந்துருதேன்

ஜெபராணியின் வீட்டில் பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரைக்கும் அதிகம் புழங்கிய சொல் 'இரு' என்பதுதான். இருட்டி. இருல. இரும்மா, வாரேன். பால் பொங்கும்போது ஒரு இரு. பாப்பா அழும்போது ஒரு இரு. சின்னவன் கால்சட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, "அம்மா, வருது!" என்று கத்தும்போது ஒரு இரு. தான் போய்ச் சேர்ந்த பிறகு கல்லறையில் பேருக்குக் கீழே வசனத்துக்குப் பதிலாக இதைத்தான் வெட்டவேண்டும் என்று அவளே ஒருநாள் நினைத்துக்கொண்டாள். இரு, வந்துருதேன். நினைத்துச் சிரிக்கத் தோன்றியது. சிரிப்பதற்குள் மறுபடி யாரோ கூப்பிட்டார்கள்.

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமே கிடையாது. அவையெல்லாம் இப்போதும் அப்படியே நிற்கின்றன, சுவரும் மணியும் வேப்பமரமுமாக. வெயில் ஏறிப்போன அந்த வருஷங்களில், எட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பகலில் வெளியே அனுப்பக் கூடாதென்று சட்டம் போட்டுவிட்டார்கள். பெரிய பிள்ளைகள் பொழுது சாய்ந்த பிறகு பள்ளிக்கூடம் போனார்கள். சின்னதுகளுக்கு வீடே பள்ளிக்கூடம், பெற்றவளே டீச்சர்.

துணைக்கு வீட்டுக்கு வீடு ஒரு பலகை. கதவு அகலத்துக்குச் சுவரில் மாட்டியிருக்கும். அதற்குக் கண் உண்டு, காது உண்டு, தேன் தடவின மாதிரி ஒரு குரலும் உண்டு. பாடத்தையெல்லாம் அதுவே நடத்திவிடும். ஆனால் பிள்ளை பக்கத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு எதுவும் மண்டையில் ஏறாது என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

உட்காரத்தானே வேண்டும், அதில் என்ன கஷ்டம் என்று கேட்கத் தோன்றும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கழித்தல் கணக்கு. மூத்தவள் ஹெப்சிக்கு வயசு ஆறு. பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டு, எட்டுப் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். பக்கத்தில் ஜெபராணி. மடியில் கைக்குழந்தை தெபோ, பால் குடிப்பதும் நிறுத்திவிட்டு அம்மாவின் சங்கிலியைப் பிடித்து இழுப்பதுமாக.

"எட்டுக் கொட்டை இருக்கு. அதுல அஞ்ச எடுத்துட்டா..."

அடுப்படியில் ஏதோ உருண்டது.

"கிதி! என்னல அது?"

"ஒண்ணுமில்ல."

கிதியோனுக்கு மூன்று வயசு. ஒன்றுமில்லை என்று அவன் சொன்னால் பெரிதாக ஏதோ இருக்கிறதென்று பொருள்.

"இருட்டி, வந்துருதேன்."

பலகையின் அடியில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு பட்டென்று நின்று சிவந்தது. "பாடம் அறுந்துவிட்டது. மீண்டும் தொடங்கலாமா?" என்றது தேன் குரல்.

அடுப்படியில் தோசைமாவுச் சட்டிக்குள் சோப்புத்தூள் மலைபோலக் குவிந்திருந்தது. கிதியோன் கரண்டியோடு நின்றான்.

"பாவி, ஏம்ல இப்படிப் பண்ணின?"

"நீதான சொன்ன, மாவு பொங்கவே இல்லன்னு. சோப்பு போட்டா பொங்கும்லா."

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் நழுவி அக்காவிடம் ஓடிவிட்டான். பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் மாவைக் கொட்டி, சட்டியைக் கழுவி, தரையைத் துடைத்தாள். அறையிலிருந்து பேச்சுக் கேட்டது.

"எட்டுப் பூரான் ஊருக்குப் போச்சாம். வழியில ஒரு பல்லி வந்து அஞ்சுப் பூரான முழுங்கிட்டாம்."

"அப்பொறம்?" இது கிதியோன்.

"அப்புறம் என்ன, மூணு பூரான்தான் மிச்சம். அதுவ அம்மாவத் தேடி அழுதுச்சாம்."

"அப்பொறம்?"

"அம்மாப் பூரான், இரு வந்துருதேன்னு சொல்லிச்சாம்."

ஜெபராணி ஈரக்கையோடு வந்து பழையபடி உட்கார்ந்தாள். "எங்க விட்டோம்? எட்டுக் கொட்டை இருக்கு..."

"அதான் மூணுன்னு சொல்லிட்டேனேம்மா."

சொன்னாள்தான். ஆனால் பாடம் அறுந்திருந்த நேரத்தில் சொன்ன விடை பலகைக்கு விடையே இல்லை. அறாமல் ஓடுகிற பச்சைக் கோட்டுக்குப் பேர் கோர்வை. நீண்ட கோர்வை என்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளை. குட்டைக் கோர்வை என்றால், மார்ச் மாசம் நடக்கிற பரிசோதனையில் பிள்ளையை மலைமேல் குளிர்விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பிள்ளைகள் குளிர்ந்த அறையில் தங்கி, குறுக்கே பேச யாருமில்லாமல் படிப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வரலாம். ஹெப்சியின் கோர்வை ஒரு முழ நூலைக்கூடத் தாண்டியதில்லை. கிதியோனே இப்போதெல்லாம் எதையாவது உடைத்துவிட்டு, "பாதம் அதுந்துத்து," என்று அறிவித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கயத்தாற்றிலிருந்து புருஷன் அருள்தாஸ் போனில் கூப்பிட்டான். அங்கே காற்றாலைகளுக்கு எண்ணெய் போடுகிற வேலை. சனிக்கிழமை வருவான், ஞாயிறு விடியலில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவான்.

"மலைக்கே அனுப்பிட்டா என்ன, ஜெபா? பிள்ளை குளுகுளுன்னு இருப்பா. ஒனக்கும் ஒரு ஆள் குறையும்."

"ஒரு ஆள் குறையுமா? இந்த வீட்ல எங்கூடப் பேசுததுக்கு இருக்க ஒரே பெரிய மனுஷி அவதான். அவளயும் அனுப்பிட்டு நான் யாருட்டப் பேச, இந்தச் செவுத்துட்டயா?"

"கோவப்படாத. கேட்டேன்."

வைத்த பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கியது. ஒரு ஆள் குறையும். ஒரே ஒரு நொடி அது கரும்பாக இனித்தது. இனித்துவிட்டதே என்று அவள் வெகுநேரம் அழுதாள், முந்தானையில் முகத்தைத் துடைத்தாள், பிறகு ஹெப்சிக்குப் பின்னல் போட்டுவிட்டாள், வழக்கத்தைவிட இறுக்கமாக.

"வலிக்கும்மா."

"இரு, முடிஞ்சிட்டு."

ஹெப்சிக்கும் விஷயம் தெரியும். சாப்பாட்டு ஜெபத்தில் அவளே புதிதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தாள்: ஏசப்பா, என் கோர்வை அறுந்து போகாமப் பாத்துக்கிடுங்க, ஆமென்.

அடுத்த வாரம் பலகைக்காரர்களின் அலுவலகத்திலிருந்து நஸ்ரீன் வந்தாள். மேலப்பாளையத்துப் பெண். வியர்த்து ஒழுக ஆறு மாடி ஏறி வந்து, கேட்காமலே தரையில் உட்கார்ந்து, கேட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். அதிலேயே ஜெபராணிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பையிலிருந்து தோடு மாதிரி இரண்டும், சின்னப் பிள்ளைக்கான கண்ணாடி ஒன்றும் எடுத்து வைத்தாள்.

"இதுக்குத் திரைன்னு பேருக்கா. ஹெப்சிக்கு மாட்டிவிடணும்."

"மாட்டுனா?"

"தம்பியும் பாப்பாவும் இல்லாமப் போயிருவாங்க."

ஜெபராணி தெபோவை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயோ, நான் சொல்லுத விதத்தப் பாருங்க! ஹெப்சி கண்ணுக்கு மட்டுந்தான்க்கா. அதுவும் பாட நேரத்துல மட்டும். தம்பி முன்னால வந்து நின்னா, அவனுக்குப் பொறத்தால இருக்க செவுருதான் அவளுக்குத் தெரியும். பாப்பா அழுதா ஃபேன் ஓடுத மாதிரி கேக்கும்."

"நான் எந்திச்சுப் போனா?"

"நீங்க போகவே மாட்டீங்க. பக்கத்துலயே உக்காந்திருப்பீங்க, உங்க குரல்லயே பாடம் ஓடும். பாடம் அறுந்து போகாது."

"நான் இல்லாமலா?"

"ஆமாக்கா."

"எனக்கும் ஒரு கண்ணாடி குடேன்," என்றாள் ஜெபராணி. "மாட்டிக்கிட்டுக் கொஞ்சம் ஒறங்குவேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து நஸ்ரீன் சொன்னாள்: "முதல்ல கொஞ்ச நாள் பலகை உங்க வீட்டப் படிக்கும். பாப்பா எப்படி அழுதா, தம்பி என்ன கேக்கான், நீங்க என்ன சொல்லுதிய, எல்லாத்தையும் கேட்டுக்கிடும். எதை மறைக்கணும்னு அதுக்குத் தெரிய வேண்டாமா? அப்புறம் மார்ச்சுக்குள்ள கோர்வை எப்படி வளருதுன்னு பாருங்க."

"ஒனக்குப் பிள்ளைய உண்டா?"

"ஒண்ணு. அவங்க அத்தா பாத்துக்கிடுதாரு."

"ஒண்ணா? அப்ப வீடு அமைதியா இருக்கும்."

நஸ்ரீன் சொம்பைக் கீழே வைத்தாள். "ஆமாக்கா. ரொம்ப."

பலகை நிபந்தனைகளை வாசிக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுச் சரி சொல்லவேண்டும். நீளமான வாசிப்பு. நடுவில் கிதியோன் தேங்காய் எண்ணெய்க் குப்பியோடு வந்து, பாப்பா தலையில் கவிழ்க்கப் பார்த்தான். "உங்கள் இல்லத்தில் பதிவாகும் ஒலிகள் பிற குழந்தைகளின் கல்விக்காகவும் பயன்படுத்தப்படலாம். சம்மதமா?"

"சரி, சரி," என்றாள் ஜெபராணி, ஒரு கையில் குப்பியும் மறு கையில் கிதியோனின் மணிக்கட்டுமாக. அந்தச் சரியைப் பலகை வாங்கி வைத்துக்கொண்டது.

பலகை வீட்டைப் படித்து முடித்த பிறகு திரை போட்டார்கள். முதல் நாள் வீடு வீடாகவே இல்லை. ஹெப்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தெபோ தொண்டை கிழிய அழுதாள், கிதியோன் தட்டை எடுத்துத் தரையில் அடித்தான், ஜெபராணி ஏழு தடவை எழுந்து போனாள். பச்சைக் கோடு நிற்கவே இல்லை. அது வளர்ந்து பலகையின் ஓரத்தைத் தொட்டுத் திரும்பி இன்னொரு வரியாக ஓடியது. ஜெபராணி வாசல்நிலையில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தாள். தன் இடத்தில், தான் இல்லாத அந்த வெறும் பாயைப் பார்த்து மகள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். "சரிம்மா," என்றாள் பாயிடம்.

கால் மணி நேரம் கிடைத்தது. ஜெபராணி அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு தம்ளர் காப்பியைச் சூடாகக் குடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு காப்பி இவ்வளவு சூடாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

கிதியோனுக்குத்தான் இந்த ஏற்பாடு விளங்கவில்லை. அக்காவுக்கு முன்னால் போய் நின்றான். நாக்கை நீட்டினான். தலைகீழாகக் குனிந்து கால்களுக்கு நடுவில் பார்த்தான். வழக்கமாக இதற்கெல்லாம் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது அவனைத் துளைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பாடத்து நடுவில் எழுந்தவள் அவன் காலை மிதித்துவிட்டு, என்னத்தை மிதித்தோம் என்று தரையைத் தடவினாள். அவன் அழவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவனைக் காணோமே என்று தேடிப் போனால், படுக்கையறையில் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் மூக்கைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னல செய்யுத?"

"அம்மா, நான் இல்லையா?"

"இருக்கியேல. இதோ, மூக்கு, வாயி, வண்டித் தொப்பை."

"அக்காவுக்கு இல்லையா?"

"அக்கா படிக்கால்லா. படிச்சு முடிச்சதும் இருப்ப."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. மார்ச் வரைக்கும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அலுத்துப்போன மனுஷிக்கு இந்த 'வரைக்கும்தானே' எவ்வளவு பெரிய ஆறுதல்! அதைப் பிடித்துக்கொண்டே பல நாள் ஓட்டிவிடலாம்.

கோர்வை நாளுக்கு நாள் நீண்டது. விடைகள்தான் ஒரு மாதிரியாக இருந்தன. ஒன்பதிலிருந்து நாலு போனால் எத்தனை என்றால் ஹெப்சி பாயைப் பார்த்தாள். பாய் என்ன சொல்லிற்றோ, "ஆறு," என்றாள். சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் தம்பி பேசினால் சட்டென்று திரும்புவதில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. தூங்கி எழுந்தவள் மாதிரி விழித்தாள். பூரான் ஊருக்குப் போன கதை நின்றுபோயிருந்தது. கிதியோனும் 'அப்பொறம்' கேட்பதை விட்டுவிட்டான்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு காலை. ஜெபராணி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அறையில் ஹெப்சி வாய்விட்டு எண்ணுகிற சத்தம். தெபோ அப்போது தவழத் தொடங்கியிருந்தாள். அறையில்தான் விட்டிருந்தாள். புளியங்கொட்டை கிடக்கிற இடத்தில் கைக்குழந்தையை விடலாமா என்றால், அந்த வீட்டில் அதற்கொரு ஏற்பாடு உண்டு. பாப்பாவின் கை கொட்டைப் பக்கம் நீண்டாலே போதும், "அம்மா, பாப்பா வாயில!" என்று ஹெப்சி கூரை அதிரக் கத்துவாள். தெபோ பிறந்ததிலிருந்து ஹெப்சிதான் வீட்டின் இரண்டாவது கண். அந்தப் பழக்கத்திலேயே விட்டிருந்தாள். அந்தக் கண்ணின் மேல்தான் தன் கையாலேயே திரை மாட்டியிருக்கிறோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே கிதியோன் கத்தினான். "அக்கா! அக்கா! அக்கா!"

அவன் எப்போதும்தான் கத்துகிறான். "இருல, வாரேன்," என்றாள்.

பிறகு அவன் ஓடிவந்தான். எதுவும் சொல்லாமல் அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் கீரைத்தட்டு எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது.

தெபோவின் உதடு நீலம் பாரித்திருந்தது. சத்தமே வரவில்லை. ஜெபராணி பிள்ளையைக் கவிழ்த்துத் தொடைமேல் போட்டு முதுகில் அறைந்தாள், அறைந்தாள், கர்த்தாவே கர்த்தாவே என்று அறைந்தாள். புளியங்கொட்டை தெறித்து விழுந்து உருண்டது. ஒரு நொடி எதுவுமில்லை. பிறகு வீடு கிழிகிற மாதிரி அழுகை.

அந்த அழுகையைக் கேட்டுக் கேட்டு ஜெபராணியும் அழுதாள். தலை நிமிர்ந்தபோது எதிரே ஹெப்சி உட்கார்ந்திருந்தாள், கை எட்டுகிற தூரத்தில். பாயைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு, "ஏழு, எட்டு, ஒன்பது," என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பச்சைக் கோடு அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபராணி எட்டிக் கண்ணாடியைப் பிடுங்கினாள். தோட்டையும் கழற்றினாள். ஹெப்சி மிரண்டு பார்த்தாள். அழுது வீங்கிய அம்மா, கத்துகிற தங்கச்சி, மூலையில் வெளிறிப்போய் நிற்கிற தம்பி. எல்லாம் ஒரே நேரத்தில் எங்கிருந்து வந்தன?

"பாப்பாவுக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லட்டி. ஒண்ணுமில்ல."

"எனக்கு ஏன் தெரியல?"

ஜெபராணி மூன்றையும் சேர்த்து அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். பாடம் அறுந்துவிட்டது என்றது பலகை. "அறுந்து போகட்டும், சனியனே," என்றாள் ஜெபராணி. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் வாயில் வருகிற வார்த்தை இல்லை அது.

மறுநாளே நஸ்ரீனை வரச்சொல்லித் திரையைத் திருப்பிக் கொடுத்தாள். "மலைக்கு அனுப்பணும்னா அனுப்பிக்கிடுங்க. இது வேண்டாம்," என்றாள்.

நஸ்ரீன் பலகைக்கு முன் உட்கார்ந்து, அது கேட்டு வைத்திருந்ததையெல்லாம் ஓடவிட்டுக் கேட்டாள். திரை மாட்டுவதற்கு முன் பலகை வீட்டைப் படித்த நாட்களுக்குப் போனாள். அப்போதும் ஹெப்சி அதே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டுப் பூரான் ஊருக்குப் போச்சாம். அப்பொறம்? மூணு பூரான் மிச்சம். அப்பொறம்? சிரித்துக்கொண்டே கேட்டவள் போகப்போகச் சிரிக்கவில்லை.

"அக்கா, இங்க வாங்க. பாடத்துல ஒங்க பிள்ளை ஒண்ணுமே படிக்கல."

"அதான் தெரியுமே."

"கேளுங்க. நீங்க இரு வந்துருதேன்னு எந்திச்சுப் போவீங்கள்லா, அந்த நேரத்துலதான் அவ்வளவையும் படிச்சிருக்கா. அதத் தம்பிக்குக் கதையாச் சொல்லிப் பாக்கா. அவன் அப்பொறம் அப்பொறம்னு கேட்டுக் கேட்டு விடைய வாங்கிருதான். அறுந்த இடத்துலதான் பாடமே நடந்திருக்கு. பலகை அதக் கணக்குல சேக்கவே இல்ல." ஓடிக்கொண்டிருந்த குரலை நிறுத்தினாள். "நாங்க வந்து தம்பிய எடுத்துட்டோம்."

"இப்ப என்ன செய்ய?"

"மேல சொல்லுதேன்க்கா. ஒங்க வீட்ல மட்டுமா இருக்கும் இது?"

சொன்னாள்தான் போலிருக்கிறது. மார்ச் பரிசோதனைக்கு வந்தவர்கள் கோர்வையைக் கேட்கவில்லை. பத்திலிருந்து ஆறு போனால் எத்தனை என்று ஹெப்சியைக் கேட்டார்கள். அவள் கிதியோன் பக்கம் திரும்பி, "பத்து எறும்பு சீனி டப்பாவுக்குள்ள போச்சாம்," என்று ஆரம்பித்தாள். வந்த அம்மாள் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் போனாள். ஹெப்சி வீட்டிலேயே இருந்துகொண்டாள். ஒருநாள் காலையில் பார்த்தால் பலகைகளிலிருந்து பச்சைக் கோடே காணாமல் போயிருந்தது. ஏன் போயிற்று, இத்தனை நாள் ஏன் இருந்தது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அலுப்பு மட்டும் போகவில்லை. அது போகிற சாமானா?

அதற்குப் பிறகு ஏழெட்டு மாசம் ஆகியிருக்கும். உச்சிவெயில் அடங்காத ஒரு மத்தியானம். தெபோ இப்போது தத்தித் தத்தி நடக்கிறவள். கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தாள். மூத்தது இரண்டும் கட்டிலுக்கு அடியில் கதை பேசிக்கொண்டிருந்தன. ஜெபராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு குழந்தை அழுதது.

நெஞ்சு கனத்து, பால் சுரந்து நைட்டியின் முன்பக்கம் நனைந்துவிட்டது. கட்டிலைப் பார்த்தாள். தெபோ உறங்குகிறாள். அழுகையோ நிற்கவில்லை. கீழேயிருந்து வந்தது. ஓர் இழுப்பு, நடுவில் ஒரு விக்கல், பிறகு கேள்வி கேட்பதுபோல மேலே ஏறி நிற்கும். இது தெபோவின் அழுகை. ஆனால் இந்தத் தெபோவின் அழுகை இல்லை. போன வருஷத்துத் தெபோவின் அழுகை. இப்போதெல்லாம் அவள் இப்படி அழுவதே இல்லை.

"இருட்டி, பாப்பாவப் பாத்துக்கோ, வந்துருதேன்," என்று ஹெப்சியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கீழ்வீடு வடிவுடையது. கணவனும் மனைவியும் வேலை பார்க்கிறவர்கள், வடிவுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரே பெண், ஐந்து வயசு ஆதிரை. காற்றுக்காகக் கதவு திறந்திருந்தது. பலகைக்கு முன்னால் ஆதிரை தன்னந்தனியாக உட்கார்ந்து புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுகை பலகையிலிருந்து வந்தது. அதைத் தொடர்ந்து, மூச்சிரைக்க, அலுத்துப்போன ஒரு குரல்:

"இருட்டி, வந்துருதேன்."

ஜெபராணி நிலையைப் பிடித்துக்கொண்டாள். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. நான் இவ்வளவு களைத்தா பேசுகிறேன்?

கொஞ்சம் பொறுத்துப் பலகை மூன்று வயசுக் கிதியோனின் குரலில் கேட்டது. "அப்பொறம்?"

ஆதிரை யோசித்தாள். "அப்புறம்... தெரியல," என்றாள்.

உள்ளறையிலிருந்து காதில் மாட்டிய பேசுகருவியோடு வடிவு எட்டிப் பார்த்து, ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டு வந்தாள். "வா ஜெபா. சத்தம் மேல வரைக்கும் கேக்கா? புதுசா வந்திருக்கு. துணைப்பிள்ளைன்னு பேரு. ஒத்தப் பிள்ளை வச்சிருக்கவங்களுக்காம். நடுநடுவே பாப்பா அழும், அம்மா எந்திச்சுப் போவா, தம்பி கேள்வி கேப்பான். அப்படித் தடைபட்டுத் தடைபட்டுப் படிச்சாத்தான் புத்தி ஓடுமாம்."

"நீங்களே எந்திச்சுப் போனா ஆகாதாக்கா?"

"நான் எங்க எந்திச்சுப் போக? உக்காந்தாத்தான எந்திக்க?" வடிவு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் உறக்கம் கெட்ட களைப்பு தெரிந்தது. "நான் ஒருநாளும் கேட்டதில்ல, காதுல இதுதான் எப்பவும். நல்லாருக்குன்னு சொல்லுதாங்க. தமிழ்நாடு பூரா இதே குரல்தானாம்." காதுக்குள் யாரோ அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கையால் 'இரு' என்று காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எண்ணெய்க் குப்பி ஜெபராணிக்கு ஞாபகம் வந்தது. கிதியோனின் மணிக்கட்டு. சரி, சரி. கோபம் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை ஏறி வந்தது. நஸ்ரீனைக் கூப்பிட வேண்டும், அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டும், எம்பிள்ளை அழுகையைத் தாங்கடா என்று சண்டை போட வேண்டும். எல்லாம் வேண்டும். அவ்வளவு படி ஏறி வந்த கோபம் அங்கேயே களைத்து உட்கார்ந்துவிட்டது. நாளைக்கு எழுப்பிக்கொள்ளலாம்.

ஆதிரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஏதாச்சும் பேசுங்க."

"என்னம்மா பேச?"

ஆதிரையின் கண் விரிந்தது. "நீங்கதான் அது!"

"எது?"

"இருட்டி, வந்துருதேன்." பிள்ளை அப்படியே சொல்லிக் காட்டியது, அந்த மூச்சிரைப்போடு. "டெய்லி சொல்லுதிய. நானும் கொட்டையெல்லாம் எடுத்து வச்சிட்டு இருக்கேன். பாப்பா அழுதுட்டே இருக்கு, கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பொறத்தால எல்லாம் தேடிட்டேன், இல்ல. நீங்களும் ஒருநாளும் வரலியே, அத்தை?"

எந்தெந்த ஊரில், எந்தெந்த வீட்டில், எத்தனை பிள்ளைகள் புளியங்கொட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு ஜெபராணிக்காக உட்கார்ந்திருக்கின்றன? அவள் போய்ச் சேர முடியாத அத்தனை பாய்கள். அந்த வெறும் தரையில், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேம்லா," என்றாள்.

ஆதிரை அவள் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நகர்ந்து நெருங்கி உட்கார்ந்தாள்.

மேலேயிருந்து அழுகை கேட்டது. பலகை அப்போது சும்மாதான் இருந்தது. கூடவே ஹெப்சியின் கத்தல் படிவழியாக இறங்கியது: "அம்மா! பாப்பா எந்திச்சுட்டா! கிதி அவ வாயில என்னமோ குடுக்கான்!"

அந்த வார்த்தை ஜெபராணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். ஒரு கையில் கொட்டைகளை வாரிக்கொண்டு, மறு கையால் ஆதிரையைப் பிடித்துத் தூக்கினாள்.

"வா. நீ தேடுன பாப்பா மேல இருக்கா. ஒங்கம்மாட்டச் சொல்லிட்டு ஓடியா."

ஆதிரை உள்ளறைக் கதவில் தலையை நீட்டி, "அம்மா, பாப்பா கிடைச்சிட்டு!" என்று கத்திவிட்டு வந்தாள். காதில் கருவியோடு வடிவு திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள்.

இரண்டு பேரும் படியேறினார்கள். பின்னால், ஆளில்லாத அறையைப் பார்த்து ஜெபராணியின் குரல் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது:

"இருட்டி, வந்துருதேன்."